அண்ணியின் ஓரக்கண்

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவர்களுடைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அண்ணன் நேராகக் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் நிற்கிற அண்ணி கேமராவையும் பார்க்கவில்லை, கட்டிக்கொண்டவனையும் பார்க்கவில்லை. தலை நேராக இருக்கிறது, கண் மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள். "லைட் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு நின்னான். ஒரே ஒரு விரலால அதைத் திருப்பினான் பாரு, வெளிச்சம் அப்படியே முகத்துல வந்து உக்காந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு." கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்கு விளக்குப் பிடிக்கிறவன் மேல் பொறாமை. இப்படியும் ஒரு ஜென்மம்.

ஓரக்கண் என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். நேரில் "அண்ணி, நீங்க, வாங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவேன். அவள் இல்லாத இடத்தில் ஓரக்கண். எங்கள் சலவைக் கடை முழுக்க அந்தப் பெயர் பரவியதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. பெயர் அவ்வளவு பொருத்தம்.

பொறாமை யாருக்குத்தான் இல்லை? எனக்கும் உண்டு. அடுத்தவள் வீடு வாங்கினால், அடுத்தவள் புருஷன் சம்பளத்தைக் கவரோடு கொண்டுவந்து கொடுத்தால், எனக்கும் எரியும். நானெல்லாம் ஊர் உலகம் போல ஒழுங்காகப் பொறாமைப்படுகிறவள். அண்ணியின் பொறாமை வேறு தினுசு. எதிர்வீட்டுக்காரி புதுக் கார் வாங்கினபோது "அப்படியா, நல்லது" என்று கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதே எதிர்வீட்டுக்காரி அந்தக் காரை எங்கள் குறுகின சந்துக்குள் ஒரே திருப்பில் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினாள். அன்றைக்கு அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரே திருப்பு! கண்ணாடியைக்கூடப் பார்க்கல!" என்று தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்க்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். எதிராளியின் கை என்ன செய்கிறதோ, அதை அவள் விரல்கள் மடியில் செய்து பார்க்கும். காய்கறிக்காரன் பையை முடிச்சுப் போடுவதைப் பார்த்தால் இவள் விரல் காற்றில் முடிச்சுப் போடும். முடி வெட்டுகிறவர் கத்தரியை ஓட்டினால் இவள் இரண்டு விரலும் கத்தரிக்கும். ஒரு நாளும் சரியாக வராது. வராத கோபம் வேறு அவளுக்கு.

இப்படிப்பட்டவள் எந்த வேலையில் நிலைப்பாள்? முதலில் ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்தாள். அடுப்படியில் இவள் பொறுப்பில் விட்ட ரொட்டியெல்லாம் கரி. ஏன் என்றால், வண்டி ஓட்டுகிறவன் அட்டைப்பெட்டி மேல் வாடிக்கையாளர் பெயரை எழுதுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல். "அந்தக் கையெழுத்த வச்சுக்கிட்டு அவன் வண்டி ஓட்டுறான். கேக்குல க்ரீம் பிழியறவன் எழுதுற எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. நான் முதலாளிகிட்டயே சொல்லிட்டேன்."

"உங்க ரொட்டி கருகினதுக்கு அவன் கையெழுத்து என்ன பண்ணும் அண்ணி?" என்று கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது பை தைக்கிற கம்பெனி. அங்கேயும் தையல் கோணல், ஊசி உடைசல், பக்கத்து இயந்திரக்காரி மேல் ஒரே கண். அதிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். அண்ணன் மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தான். நாங்கள் மேல் மாடி, அவர்கள் கீழ் மாடி. "உங்க லாண்டரியில ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். வீட்டுல உக்காந்தா ஜன்னல் வழியா தெருவுல போறவன் வர்றவன் எல்லாரையும் பார்த்துப் பொருமிக்கிட்டே இருக்கா" என்றான். கூடப் பிறந்த பாவம், சொன்னேன்.

எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் கண்ணாடிக் கதவு, துணி வாங்கிக் கொடுக்கிற கவுன்ட்டர். பின்னால் நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், அதையடுத்து உலர்த்துகிற மெஷின்கள். மூலையில் தொட்டி வைத்த கறை மேசை. ஜன்னலோரம் இஸ்திரி மேசைகள். நடுவில் மடிக்கிற இடம். கூடத்தின் கடைசியில் மூன்று படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மின்விசிறியும் கை வைத்த நாற்காலியும் இருக்கும். அது சூப்பர்வைசரம்மாவுடையது. அந்தக் கட்டடத்திலேயே வேலை நேரத்தில் உட்காரக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த நாற்காலி மேல் எனக்கு ஆசை. மறைக்க என்ன இருக்கிறது? நின்று நின்று என் கணுக்கால் இரண்டும் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். அங்கே இருக்கிறவர்களில் நான்தான் பழையவள். ஜன்னலோரத்தில் முதல் இஸ்திரி மேசை என்னுடையது. சூப்பர்வைசரம்மா வேலையை விட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானும் அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தைகூடத் தைக்க நினைத்திருந்தேன்.

எங்கள் முதலாளி நியாயஸ்தர். நியாயஸ்தர்களுக்கே உரிய ஒரு கோளாறும் அவரிடம் உண்டு. கடையில் ஒருவர் மேல் ஒருவருக்குப் பொறாமை வரக் கூடாது என்று 'சுற்று' என்று ஒரு முறை வைத்திருந்தார். இந்த வாரம் கறை மேசையில் நிற்கிறவர் அடுத்த வாரம் மடிக்கப் போக வேண்டும், மடிக்கிறவர் டேக் குத்தப் போக வேண்டும். டேக் என்பது எந்தத் துணி யாருடையது என்று தெரிய ஓரத்தில் குத்துகிற சின்ன நம்பர்த் துண்டு. எல்லோரும் எல்லா வேலையும் செய்தால் யாருக்கும் யார் மேலும் எரியாது என்பது அவர் கணக்கு. பழைய ஆள் என்பதால் எனக்கு மட்டும் விலக்கு. என் மேசை என் மேசைதான்.

அந்தச் சுற்றில் அண்ணி எல்லா மேசைக்கும் போனாள், எல்லா மேசையிலும் மானத்தை வாங்கினாள். இஸ்திரியில் விட்டால் காலரில் தீய்ந்த மணம். கறையில் விட்டால் சின்னக் கறை பெரிய கறையானது. மடிக்க விட்டால் போர்வை மூட்டை மாதிரி வந்தது. ஏன் வராது? கண் எங்கே இருந்தது? கறை மேசைப் பக்கம் 'மூக்கு' என்று ஒரு பெண் வந்தால் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். உலர்த்துகிற இடத்துக்கு நெட்டையன் என்று ஒருவன் வந்தால் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டேக் குத்துகிற இடத்துக்கு வாயில்லாப்பூச்சி வந்தால் அவளை. அந்தப் பெண் வாயைத் திறந்து பேசி நாங்கள் கேட்டதில்லை, அதனால் அந்தப் பெயர்.

"உன் அண்ணியக் கொஞ்சம் வேலையையும் பார்க்கச் சொல்லு" என்றார் சூப்பர்வைசரம்மா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிபாரிசு செய்தது நானாயிற்றே.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் இஸ்திரி மேசைப் பக்கம் வந்து அவள் நின்றதே இல்லை. தாண்டிப் போவாள், ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். தாங்க முடியவில்லை, அதனால்தான் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவு எரிகிறதே பாவம் என்று மனதுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது. வீட்டிலோ எதற்கும் என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். தண்ணீர் வரவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டுமா, "நீ வாம்மா, நீ பேசு" என்று மாடிக்கு வந்து கையைப் பிடித்து இழுப்பாள். நான் பேசும்போது பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

அந்த மாதக் கடைசியில்தான் பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து துணி வந்தது. மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, தலையணை உறை, அங்கே வேலை செய்கிறவர்களின் சீருடை என்று வேன் நிறைய. சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். சரியாக இருந்தால் இனிமேல் அந்த ஹோட்டலின் துணி முழுக்க எங்களுக்கே. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சூப்பர்வைசரம்மா நேத்தோட நின்னுட்டாங்க. இந்த ஆர்டர நீதான் நடத்தணும். நல்லபடியா முடிச்சுக் குடு, அந்த நாற்காலி உனக்குத்தான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். கண்ணாடி அறைக்குப் போய் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாற்காலி.

இறங்கி வந்து வேலையை ஆரம்பித்தேன். சுற்றில் யாருக்கு எந்த வாரம் எந்த மேசையோ, அதை ஒரு துளி மாற்றவில்லை. மாற்றினால் 'அவளுக்கு மட்டும் ஏன்' என்று ஒருத்தி கேட்பாள். என் முதல் நாளில் நான் எதற்குக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்? அந்த வாரச் சுற்றில் மூக்கு மடிக்கிற இடத்தில், நெட்டையன் டேக் குத்துகிற இடத்தில், வாயில்லாப்பூச்சி கறை மேசையில். அண்ணிக்குத் தலையணை உறையை அடுக்குகிற வேலை. அதைவிடச் சின்ன வேலை எங்களிடம் கிடையாது.

மத்தியானத்துக்கு முன்னாலேயே குட்டை குழம்பிவிட்டது. மேசை விரிப்புகளில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது முட்டை. முட்டைக்குப் பச்சைத்தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் வெந்து துணியோடு பிடித்துக்கொள்ளும். வாயில்லாப்பூச்சிக்கு அது எண்ணெய் என்று தோன்றியிருக்கிறது, கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாள். நெட்டையன் ஒருத்தர் சீருடைக்கு இன்னொருத்தர் டேக்கைக் குத்திவிட்டு, பாதிக்கு மேல் டேக்கே இல்லாமல் மெஷினுக்கு அனுப்பியிருந்தான். உலர்த்துகிற இடத்தில் நின்றவர்கள் மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்த விரிப்புகளில் மடிப்புக்குள் ஈரம். இஸ்திரி போட்டு வைத்தாலும் மறுபடியும் சுருங்கிக்கொண்டது. நான் அங்கே ஓடுகிறேன், இங்கே ஓடுகிறேன், கத்துகிறேன். கத்தினால் கறை போகுமா?

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். கழுகுக்கு மூக்கில் வேர்த்தது போல வருவார் எப்போதும். என் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, எனக்கு வயிறு எரியுதே!"

எல்லோரும் திரும்பினோம். அண்ணி தலையணை உறைகளைத் தரையில் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. முதலாளி நிற்பது அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அதோ நிக்கிறாளே, அவளுக்குக் கடவுள் ஒரு மூக்கைக் குடுத்திருக்கான். துணிய ஒரு தடவை மோந்து பார்த்தா முட்டையா, எண்ணெயா, பழச்சாறான்னு சொல்லிடுவா. எனக்கு அப்படி ஒரு மூக்கு இருந்தா நான் தரையில நடக்கவே மாட்டேன். அவ என்னடான்னா போர்வை மடிச்சுக்கிட்டு நிக்கிறா! அந்தக் கறை மேசையில யாரு? இவ. இவளுக்கு ஒரு சட்டையை ஒரு தரம் காட்டினா போதும், அதுல எந்தப் பட்டன் மாத்தித் தைச்சதுன்னு அடுத்த வருஷம் கேட்டாலும் சொல்லுவா. டேக்கே வேணாம் இவளுக்கு. இவளைப் போய் முட்டை மேல வெந்நீர் ஊத்த வச்சிருக்கீங்க! அந்த நெட்டையன் துணியக் கன்னத்துல வச்சான்னா ஈரம் எந்த மடிப்புல ஒளிஞ்சிருந்தாலும் தெரிஞ்சுடும். நானும் வச்சு வச்சுப் பார்த்தேன், எனக்குக் கன்னம்தான் ஜில்லுனுச்சு. அப்பேர்ப்பட்ட கன்னத்த வச்சுக்கிட்டு அவன் டேக் குத்துறான், அதையும் தப்புத் தப்பா குத்துறான்! எனக்குத்தான் ஒண்ணும் குடுக்கல. குடுத்து வச்சவங்க நீங்க எல்லாரும் இப்படி வீணடிக்கிறீங்களே, பாவிகளா!"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நடிப்பு இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். முதலாளி மட்டும் அங்கே இல்லையென்றால், எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அவங்கவங்க அந்தந்த இடத்துக்குப் போங்க" என்றார். சுற்று அந்த நிமிஷத்தோடு செத்தது. பிறகு அண்ணியிடம் திரும்பி, "அப்புறம்? இன்னும் யாரைப் பார்த்து எரியுது உனக்கு?" என்றார்.

"மெஷின்ல துணி போடுறாரே பெரியவர், அவரைத்தான். அவரு கை இருக்கே, துணிய நீவினா துணி பேசாம கெடக்கும். மத்தவங்க கையில அது துள்ளும்."

"அவர எங்க போடலாம்?"

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். முதல் இஸ்திரி மேசை. என் மேசை!

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதானே. மூக்கு ஒவ்வொரு விரிப்பாக மோந்து பார்த்துப் பிரித்துப் போட்டாள். வெந்நீர் பட்டதில் சிலது தேறவில்லை, அதை முதலாளியே ஹோட்டலுக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டார். மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று வந்தது. வாயில்லாப்பூச்சி டேக் இல்லாத சீருடைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, வேனிலிருந்து ஆளுக்கொரு மூட்டையாக இறக்கும்போது பார்த்த ஞாபகத்தை வைத்தே ஆளுக்கு ஆள் பிரித்தாள். நெட்டையன் கன்னத்தை வைக்காமல் ஒரு துணியும் வெளியே வரவில்லை. என் மேசையில் அந்தப் பெரியவர் விரிப்பை நீவினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. வேன் சாயங்காலம் போய்விட்டது.

மறுநாள் முதலாளி அண்ணியைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியைக் காட்டினார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? காலரைத் தீய்த்தவள், போர்வையை மூட்டை கட்டினவள், நான் சிபாரிசு செய்து உள்ளே வந்தவள், என் நாற்காலியில்! அவள் அதில் உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்தாள். அதைப் பார்க்க இன்னும் எரிந்தது. முழுசாக உட்கார்ந்திருந்தாலாவது திட்டலாம். வீட்டுக்குப் போய் மெத்தைக்கு வாங்கி வைத்த துணியைக் கரித்துணியாகக் கிழித்துப் போட்டேன். என் வீட்டுக்காரர், "அண்ணிக்குத்தானே கிடைச்சிருக்கு, குடும்பத்துக்குள்ளதானே" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டில் உப்புப் போடவில்லை.

அண்ணன் வேறு மாடியேறி வந்து பெருமை பேசினான். "ரொட்டிக் கடையில ஒரு டிரைவரைப் பத்திப் புலம்பினாளே, அவனைத்தான் இப்ப கேக்குல எழுத வச்சிருக்காங்களாம். அவ அன்னைக்குச் சொன்னது அந்தக் கடை முதலாளி மனசுல நின்னிருக்கு. அவ வேலையே இதுதான்னு நமக்குத்தான் தெரியல."

"பொறாமைப்படுறது ஒரு வேலையா?" என்றேன்.

"பார்த்து எரிஞ்சுட்டுச் சும்மா இருந்தா அது பொறாமை. அவ ஆளைச் சரியாப் பார்க்கிறா, நீயும் பார்த்தியே." கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

கீழ் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். கடையில் "சொல்லுங்க அண்ணி", "சரிங்க அண்ணி", அவ்வளவுதான். அவள் அந்த அறையில் உட்கார்ந்த நேரத்தைவிடக் கூடத்தில் நின்ற நேரம் அதிகம். நின்று பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், விரல் அசையும். அடுத்த நாள் அந்த ஆள் வேறு இடத்துக்குப் போவார், வேலை நன்றாக நடக்கும். முன்பெல்லாம் அந்தப் பார்வையைக் கண்டால் எல்லோரும் சிரிப்போம். இப்போது அவள் யாரையாவது ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தால் அந்த ஆள் முதுகை நிமிர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழகாகச் செய்கிறார். மூக்கைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். நேற்று வந்த பெண்ணைக்கூட நின்று பார்த்தாள். என் பக்கம் மட்டும் வரவே இல்லை. நான் பெரியவருக்கு அடுத்த மேசையில் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் தேய்த்த சட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டுதான் நான் அந்தப் பக்கம் போவேன்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் அவளை மறித்தேன். கையில் காய்கறிப் பை, முகத்தில் களைப்பு.

"அன்னைக்கு எல்லாரையும் சொன்னீங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரலையே அண்ணி. அவ்வளவு எரியுதா என் மேல?"

அண்ணி பையைப் படியில் வைத்தாள். யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அது ஒரு பெரிய குறை அவளிடம்.

"உன் இஸ்திரியப் பார்த்து எனக்கு எரிஞ்சதே இல்லம்மா" என்றாள். "நல்லாத்தான் போடுற. இத்தனை வருஷம் போட்டா யாரா இருந்தாலும் அப்படிப் போடுவாங்க. பெரியவர் இஸ்திரிக்கு வந்த மறுநாளே உன்னைத் தாண்டிட்டாரு. நீயும் பார்த்தல்ல?"

பார்த்தேன். பெற்றவள் திட்டினாலும் எனக்கு அழுகை வராது. அன்றைக்கு அந்தப் படியில் வந்துவிட்டது. ஒருத்தி நம் மேல் பொறாமையில் வேகிறாள் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்துவிட்டு, அவளுக்கு நம் மேல் பொறாமையே கிடையாது என்று கேட்பதைப் போல ஓர் அவமானம் இல்லை.

"நாளையிலேருந்து நீ கவுன்ட்டர்ல நில்லு" என்றாள் போகிற போக்கில்.

"எதுக்கு? இஸ்திரிக்கு லாயக்கில்லன்னா?"

"நில்லேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கவுன்ட்டரில் யாரை நிறுத்துவார்கள்? கை வேலை தெரியாதவர்களை. துணியை வாங்கு, சீட்டைக் கொடு, வருகிறவன் போகிறவனிடம் திட்டு வாங்கு. நாற்காலிக்கு ஆசைப்பட்டவள் கடைசியில் வாசலுக்கு வந்தாயிற்று, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வாரம் முடியட்டும், முதலாளியிடமே நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன்.

வார நடுவில் ஒரு கராத்தே மாஸ்டர் வந்தார். நல்ல உயரம், கழுத்தே இல்லாத உடம்பு. அவருடைய வெள்ளை உடுப்பை முந்தின நாள்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வந்த வேகத்தில் அதைக் கவுன்ட்டரில் விட்டெறிந்தார். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இது என் டிரஸ்ஸே இல்ல! யாரோடதையோ குடுத்து ஏமாத்துறீங்களா? என்னோடது இவ்வளவு வெள்ளையாவே இருக்காது! என் டிரஸ் எனக்குத் தெரியாதா? இப்பவே என்னோடது வரணும், இல்லன்னா நடக்கிறதே வேற!"

உடுப்பைப் பிரித்துப் பார்த்தேன். அவருடையதுதான். மூக்கு அதை எத்தனை தண்ணீரில் போட்டு எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு இருந்த எரிச்சலுக்கு யார் எது சொன்னாலும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

"மாஸ்டர், இது உங்களுதுதான்" என்றேன். "கடையில வாங்கின அன்னைக்கு இது இப்படித்தான் இருந்துச்சு. நடுவுல நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் பேசிக்காம இருந்துட்டீங்க, அதான் அடையாளம் தெரியல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பழகிடும்."

வரிசையில் ஒரு பெண் முதலில் சிரித்தாள். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், காலருக்கு உள்ளே தன் கையாலேயே தைத்த கோணல் தையலைப் பார்த்தார். கழுத்தில்லாத அந்த உடம்பு குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "என் சம்சாரமும் இதையேதான் சொன்னா, அவ சொன்னா கோவம் வருது" என்று சொல்லிவிட்டு, உடுப்பைத் தானே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் தன் மாணவர்கள் எல்லோருடைய துணியையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆளின் சீட்டை வாங்கக் கையை நீட்டினேன். முதுகில் ஏதோ உறுத்தியது. திரும்பினேன்.

கூடத்துக் கதவை ஒட்டி அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தலை மெஷின்களைப் பார்த்து நேராக இருந்தது, கண் மட்டும் ஓரமாக என் மேல். மூக்கையும் நெட்டையனையும் எதிர்வீட்டுக்காரியையும் பார்த்த அதே பார்வை, கல்யாணப் படத்தில் இருக்கிற பார்வை. முகம் கடுகடுவென்று இருந்தது. தண்ணீர் வராத நாளில் வீட்டுச் சொந்தக்காரர் முன்னால் என் பக்கத்தில் நின்று என் வாயைப் பார்த்தபோதும் இந்த முகம்தான் இருந்தது.

இந்தத் தடவை அவள் விரல்கள் அசையவில்லை. உதடுகள்தான் அசைந்தன. சத்தம் வராமல், மெதுவாக, நான் சொன்னதை அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கேயோ தடுக்கியது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.